புள்ளி ஒன்றா, இரண்டா?

தமிழர் திருமணங்களில் இக்காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். மணமகள் அம்மியின்மேல் கால் வைப்பார். மணமகன் அவருக்கு மெட்டி அணிவிப்பார். பிறகு இருவரும் மண்டபத்தின் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். “அதோ, அருந்ததி” என்று புரோகிதர் கையை நீட்டுவார். காலை ஒன்பது மணி வெயிலில் விண்மீன் எங்கே தெரியப் போகிறது? “தெரிகிறதா?” என்று கேட்டால் மணமக்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். சுற்றி நிற்கும் உறவினர்களும் சிரிப்பார்கள்.

வேடிக்கையாகத் தோன்றினாலும் அருந்ததி வானில் உண்மையாகவே இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் மேகமற்ற ஓர் இரவில், ஒன்பது அல்லது பத்து மணி அளவில் வடக்குத் திசையை நோக்குங்கள். நம் நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களும் கவிழ்த்து வைத்த அகப்பையைப் போலத் தெரியும். அகப்பைக் காம்பின் நுனியிலிருந்து இரண்டாவதாக ஒளிர்வது வசிட்டர். அதை ஒட்டினாற்போல் மங்கலாக இருக்கும் சிறிய புள்ளிதான் அருந்ததி. நகரத்து விளக்கொளியில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். தோட்டப்புறத்திலோ கடற்கரையிலோ நின்று பார்த்தால் எளிதில் தெரியும்.

வானில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கோணத்தால் அளப்பார்கள். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. ஒரு கலையை மேலும் 60 பங்காக்கினால் கிடைப்பது ஒரு விகலை. முழுநிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை. வசிட்டருக்கும் அருந்ததிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 12 கலை. நல்ல பார்வையுடைய ஒருவரின் கண்ணால் ஒரு கலை இடைவெளி வரை பிரித்தறிய முடியும். ஆகவே, இந்த இணையைக் காணக் கருவி எதுவும் தேவையில்லை.

1617ஆம் ஆண்டில் கலிலியோவின் மாணவரான பெனடெட்டோ கஸ்டெல்லி தொலைநோக்கியை வசிட்டரின் பக்கம் திருப்பினார். ஒரு விண்மீன் என்று எல்லாரும் எண்ணியிருந்த வசிட்டரே இரண்டாகத் தெரிந்தது. அவ்விரண்டுக்கும் இடையே 14 விகலை மட்டுமே. 1889ஆம் ஆண்டில் அமெரிக்க வானியலாளர் எட்வர்டு பிக்கரிங், அவ்விரண்டில் ஒளி மிகுந்ததன் நிறமாலையை ஆராய்ந்தார். அதிலிருந்த கோடுகள் சில நாள்களில் ஒற்றையாகவும் சில நாள்களில் இரட்டையாகவும் தெரிந்தன. ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள் அங்கே நெருங்கி நிற்கின்றன என்பதே அதன் பொருள். மற்றதும் அப்படியே இரண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. இறுதியாக, 2009ஆம் ஆண்டில் அருந்ததிக்கும் ஒரு மங்கிய சிவப்புத் துணை இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மணமக்களுக்குக் காட்டப்படும் அந்த இரண்டு புள்ளிகளில் ஆறு சூரியன்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவில் அவை ஆறும் சேர்ந்தே பயணம் செய்கின்றன.

இது அபூர்வமான செய்தி அன்று. சூரியனைப் போன்ற விண்மீன்களுள் ஏறத்தாழப் பாதிக்குத் துணை விண்மீன் உண்டு. நம் சூரியன் தனியாக இருப்பதால் எல்லா விண்மீன்களும் அப்படித்தான் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம், அவ்வளவே.

இரவில் நெடுஞ்சாலையில் பயணம் செய்யும்போது எதிர்த்திசையில் வெகுதொலைவில் வரும் வாகனத்தைக் கவனித்துப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். அது மோட்டார் சைக்கிளா காரா என்று சொல்ல முடியாது. நெருங்கி வந்த பிறகே இரண்டு முன்விளக்குகள் எனத் தெரியும். காரின் விளக்குகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று கொண்டால், ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு அப்பால் அவை நம் கண்ணுக்கு ஒன்றாகிவிடும். விண்மீன்களின் நிலையும் இதுதான். எவ்வளவு பெரிய தொலைநோக்கியாக இருந்தாலும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் இரண்டு விண்மீன்கள் இருந்தால் அவை ஒன்றாகவே பதிவாகும்.

இரண்டை ஒன்றாக எண்ணிவிட்டால் என்ன குறைந்துவிடும்? கோள்களைத் தேடுவோருக்கு நிறையவே குறைந்துவிடும்.

நம் சூரியக் குடும்பத்துக்கு அப்பால் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் புறக்கோள்கள் என்பர். இதுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புறக்கோள்கள் உறுதி செய்யப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை நேரடியாகப் பார்க்கப்பட்டவை அல்ல. ஒரு கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடந்து செல்லும்போது விண்மீனின் ஒளி சிறிது குறையும். சில மணி நேரம் கழித்து ஒளி பழைய நிலைக்கு வரும். அடுத்த சுற்றில் மீண்டும் அதே அளவு குறையும். இப்படிச் சீரான இடைவெளியில் ஒளி குறைவதைக் கொண்டு கோள் இருப்பதை ஊகிக்கிறார்கள். 2009ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி இம்முறையில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கண் இமைக்காமல் கண்காணித்தது. 2018ஆம் ஆண்டில் ஏவப்பட்ட டெஸ் என்னும் தொலைநோக்கி அப்பணியை வானம் முழுவதற்கும் விரிவாக்கியது.

ஒளி எவ்வளவு குறைகிறது என்பது மிக முக்கியம். கோள் பெரியதாக இருந்தால் அதிக ஒளியை மறைக்கும். சிறியதாக இருந்தால் குறைவாக மறைக்கும். வியாழன் சூரியனின் முன்னால் கடந்தால் நூற்றில் ஒரு பங்கு ஒளி குறையும். புவி கடந்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. இந்தக் குறைவை அளந்து, விண்மீனின் அளவையும் தெரிந்துகொண்டால், கோளின் விட்டத்தைக் கணக்கிடலாம். கோள் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு வேறு நேர்வழி நமக்கு இல்லை என்றே சொல்லலாம்.

இப்போது ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனின் ஒளி 0.02 விழுக்காடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கோளின் விட்டத்துக்கும் விண்மீனின் விட்டத்துக்கும் உள்ள விகிதம் அந்த எண்ணின் வர்க்கமூலம். அதாவது ஏறத்தாழ 0.014. சூரியனின் விட்டம் புவியின் விட்டத்தைப் போல 109 மடங்கு. ஆகவே, கோளின் விட்டம் புவியைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பாறையால் ஆன, புவியைவிடச் சற்றே பெரிய ஓர் உலகம் என்று மகிழ்ச்சியோடு அறிவித்துவிடலாம்.

ஆனால், அந்தப் புள்ளிக்குள் அதே அளவு ஒளியுடைய இன்னொரு விண்மீன் ஒளிந்திருந்தால் என்னவாகும்? நமக்கு வந்து சேர்ந்த ஒளியில் பாதிதான் கோளை உடைய விண்மீனுடையது. மறுபாதி எந்தக் கோளாலும் மறைக்கப்படாமல் அப்படியே வந்துகொண்டிருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்ததுபோல் அது ஒளிக்குறைவை நீர்த்துப்போகச் செய்துவிட்டது. உண்மையில் அந்த விண்மீனின் ஒளி 0.02 அன்று, 0.04 விழுக்காடு குறைந்திருக்கிறது. மீண்டும் கணக்கிட்டால் கோளின் விட்டம் புவியைப் போல 2.2 மடங்கு என வரும். கன அளவில் முன்னைய கணக்கைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு! அவ்வளவு பெரிய கோள்களுள் பல, தடித்த வாயுப் போர்வையைப் போர்த்தியிருப்பவை. காலூன்றி நிற்கப் பாறைத் தரை இருக்கும் என்று நாம் நினைத்த உலகம், வாயுவால் மூடப்பட்ட ஒரு குட்டி நெப்டியூனாக மாறிவிடுகிறது. கோளில் ஒரு மாற்றமும் இல்லை. பக்கத்தில் ஒரு விண்மீன் இருப்பதை நாம் பார்க்கத் தவறினோம், அவ்வளவுதான். கோள், அவ்விரண்டில் மங்கிய விண்மீனைச் சுற்றுவதாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றமும் உண்டு. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஒன்று மற்றொன்றை மறைக்கக்கூடும். அத்தகைய ஓர் இணை, நாம் பார்க்கும் விண்மீனுக்குப் பின்னால் வெகுதொலைவில், அதே பார்வைக்கோட்டில் இருக்கிறது என்று கொள்வோம். மொத்த ஒளியில் அந்த இணையின் பங்கு ஐம்பதில் ஒன்று. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது அந்த இணையின் ஒளி பாதியாகிறது. மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு குறையும். அது வியாழனைப் போன்ற ஒரு கோள் கடந்ததற்கு ஒப்பானது. அங்கே கோளே இல்லை. இருந்தும் கோள் கடந்ததற்கான அடையாளம் அச்சு அசலாகப் பதிவாகும்.

இந்த ஆபத்து, கருவியின் இயல்போடு சேர்ந்தது. கெப்ளரின் ஒளிப்படக் கருவியில் ஒரு பிக்சல் வானில் ஏறத்தாழ 4 விகலை அகலம் கொண்டது. ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில் 4 விகலை என்பது, சூரியனிலிருந்து நெப்டியூன் வரை உள்ள தூரத்தைப் போல நாற்பது மடங்கு. அவ்வளவு இடத்துக்குள் இரண்டு என்ன, நான்கு விண்மீன்கள்கூடத் தாராளமாக இருக்கலாம். டெஸ்ஸின் ஒரு பிக்சலோ 21 விகலை. வசிட்டரின் இரண்டு விண்மீன்களும் அதற்குள் அடங்கிவிடும். பல விண்மீன்களை ஒரே நேரத்தில் கண்காணிக்க வேண்டுமானால் பரந்த பார்வை தேவை. பரந்த பார்வைக்கு நுணுக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே, கோள் இருக்கலாம் என்று இத்தொலைநோக்கிகள் கை காட்டும் ஒவ்வொரு விண்மீனையும் தரையிலுள்ள வேறொரு தொலைநோக்கி கூர்ந்து பார்த்து, ‘இது ஒன்றுதானா?’ என்று கேட்டாக வேண்டும்.

இரட்டை விண்மீனும் கோளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட கதை புதியதன்று. அதன் பழைய அத்தியாயம் ஒன்று சென்னையில் நடந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானாய்வுக்கூடத்தைக் கட்டியது. அங்கே கருவியைத் தாங்கி நின்ற கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. அந்தத் தூணை இன்றும் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அக்கூடத்தின் பொறுப்பாளராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்.

ஜேக்கப், ‘70 ஓபியுக்கி’ என்னும் இரட்டை விண்மீனை ஆராய்ந்தார். நமக்கு ஏறத்தாழ 17 ஒளியாண்டு அருகில் இருக்கும் இணை அது. அவ்விரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 88 ஆண்டுகள் ஆகின்றன. கணக்குப்படி துணை விண்மீன் இருக்க வேண்டிய இடத்துக்கும் அளவீட்டில் அது தென்பட்ட இடத்துக்கும் சிறு வேறுபாடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுப்பதால் இவ்வேறுபாடு ஏற்படலாம் என்று 1855ஆம் ஆண்டில் அவர் எழுதினார். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள் இருப்பதாக அளவீட்டின் அடிப்படையில் முன்வைக்கப்பட்ட மிகப் பழைய கூற்றுகளுள் அதுவும் ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்காவில் தாமஸ் சீ என்பவரும் அதே விண்மீனில் மறைந்த பொருள் ஒன்று உள்ளதென்று அடித்துச் சொன்னார். 1899ஆம் ஆண்டில் ஃபாரஸ்ட் மோல்டன், சீ கூறிய அமைப்பு நிலைத்து நிற்காது, மூன்று பொருள்களின் ஈர்ப்பும் சேர்ந்து அதைக் குலைத்துவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார். கோள் இல்லை. அளவீட்டில் இருந்த பிழையே கோளாகத் தோன்றியது.

ஜேக்கப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையிலிருந்தவை ஒரு சிறு தொலைநோக்கியும் பலர் பல ஆண்டுகளில் எடுத்த அளவுகளும்தாம். கேள்வி சரியானது, விகலையின் சிறு பங்குகளை நம்பும் அளவுக்குக் கருவி அன்று வளரவில்லை.

துணை விண்மீனை எப்படித் தேடுவது? முதலில், அருகருகே தெரியும் இரண்டு விண்மீன்கள் உண்மையிலேயே இணையா, அல்லது ஒரே திசையில் முன்னும் பின்னுமாக இருப்பவையா என்பதை அறிய வேண்டும். 1767ஆம் ஆண்டில் ஜான் மிச்செல் என்ற ஆங்கிலேயர் இதைக் கணக்கால் அணுகினார். விண்மீன்கள் தற்செயலாகச் சிதறியிருந்தால் இத்தனை இணைகள் தென்பட வாய்ப்பில்லை. ஆகவே, பல இணைகள் உண்மையானவையாகத்தான் இருக்க வேண்டும் என்றார் அவர். வில்லியம் ஹெர்செல் நூற்றுக்கணக்கான இணைகளைப் பட்டியலிட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக அளந்தார். சில இணைகளில் ஒன்று மற்றொன்றைச் சுற்றி வருவதை 1803ஆம் ஆண்டில் அவரால் அறிவிக்க முடிந்தது.

சுற்றி வருவதைக் காணும்வரை காத்திருக்கப் பல நேரங்களில் நமக்கு ஆயுள் போதாது. அதற்கு வேறொரு வழி உண்டு. தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தை உயரத்திலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு வேகத்தில் நடக்கிறார்கள். அவர்களுள் இருவர் மட்டும் வளைவிலும் படியிலும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் செல்கிறார்கள். அவர்கள் சேர்ந்து வந்தவர்கள் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். விண்மீன்களும் வானில் மிக மெதுவாக இடம் பெயர்கின்றன. 1915ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்த இராபர்ட் இன்னஸ், ஐந்தாண்டு இடைவெளியில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களை ஒப்பிட்டு, ஆல்ஃபா செண்டாரி என்னும் இரட்டை விண்மீனோடு சேர்ந்து நகரும் மங்கிய புள்ளி ஒன்றைக் கண்டார். அதுதான் பிராக்சிமா செண்டாரி. சூரியனுக்கு மிக அருகில் உள்ள விண்மீன். வானில் ஆல்ஃபா செண்டாரியிலிருந்து அது இரண்டு பாகைக்கும் மேலாக விலகி இருக்கிறது. நான்கு முழுநிலவுகளை வரிசையாக வைக்கும் இடைவெளி! அவ்வளவு தள்ளி நிற்பதையும் துணை என்று காட்டிக் கொடுத்தது அதன் நடை. நூறு ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில், பிராக்சிமாவைச் சுற்றும் ஒரு கோளும் கண்டுபிடிக்கப்பட்டது.

இன்னஸ் இரண்டு படங்களை வைத்துச் செய்ததை, 2013ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களுக்குச் செய்தது. அதன் அளவீடுகளைக் கொண்டு, விலகி நின்றும் சேர்ந்து நகரும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைகளை வானியலாளர்கள் பட்டியலிட்டுள்ளனர்.

விலகி நிற்பவற்றைக் கண்டுபிடிக்க இந்த வழி போதும். மிக நெருங்கி நிற்பவைதாம் தொல்லை தருபவை. அவற்றைப் பிரித்துப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி வேண்டும். ஆனால், பெரிய தொலைநோக்கிக்கு ஒரு பகை இருக்கிறது: நம் தலைக்கு மேலே உள்ள காற்று. வெயில் நேரத்தில் தார்ச்சாலைக்கு மேல் காட்சிகள் நடுங்குவதைக் கண்டிருப்பீர்கள். விண்மீன் மின்னுவதற்கும் அதே காற்றுதான் காரணம். எட்டு மீட்டர் அகல ஆடியைக் கொண்ட தொலைநோக்கி, கொள்கையளவில் 0.02 விகலை இடைவெளியைப் பிரிக்க வல்லது. காற்றின் நடுக்கத்தால் அதன் படம் அரை விகலை, ஒரு விகலை என்று கலங்கிவிடுகிறது. நுணுக்கத்தைப் பொறுத்தவரை, பெரும்பொருட்செலவில் கட்டிய அக்கருவி, 15 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு தொலைநோக்கியின் நிலைக்கு இறங்கிவிடுகிறது.

காற்றை வெல்ல இரண்டு வழிகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒன்று, காற்று ஒளியை எப்படி வளைக்கிறதோ அதற்கு எதிராக ஆடியை வளைப்பது. வானை நோக்கி ஒரு லேசர் கற்றையை அனுப்புவார்கள். மேலே அது ஒரு செயற்கை விண்மீனைப் போல ஒளிரும். அதன் ஒளி எப்படிக் கலங்கி வருகிறது என்பதைக் கணினி அளந்து, ஒரு மெல்லிய ஆடியின் வடிவத்தை ஒரு நொடியில் பல நூறு முறை மாற்றும். அமெரிக்காவின் பாலோமர் மலையில், ஒன்றரை மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் பொருத்தப்பட்ட ‘ரோபோ ஏஓ’ என்ற கருவி இதைத் தானியங்கியாகவே செய்தது. ஓர் இரவில் இருநூறு விண்மீன்கள் வரை அது பார்த்துவிடும். மனிதர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தொலைநோக்கியைத் திருப்பிக் கொண்டிருந்தால் இது நடக்கிற காரியமா?

மற்றொரு வழி இன்னும் எளிமையானது. எனக்கு அதுவே அதிக வியப்பைத் தருகிறது. காற்றோடு போராடாமல், காற்றைவிட வேகமாகப் படமெடுப்பது. குளக்கரையில் ஒரு விளக்கு எரிகிறது. தண்ணீர் அலையும்போது அதன் பிம்பம் நூறு துண்டுகளாகச் சிதறும். கரையில் இரண்டு விளக்குகள் அருகருகே இருந்தால்? சிதறிய ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், அதே திசையில், அதே இடைவெளியில் இன்னொரு துண்டு இருக்கும். விண்மீனின் படமும் இப்படித்தான் ஒளித்துளிகளாகச் சிதறுகிறது. ஒரு நொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடும் ஒளிப்படக் கருவியால் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, எல்லாவற்றிலும் மாறாமல் திரும்பத் திரும்ப வரும் இடைவெளி உண்டா என்று கணினி தேடும். உண்டு என்றால் அங்கே இரண்டு விண்மீன்கள் இருக்கின்றன. இந்த முறையை 1970ஆம் ஆண்டில் பிரெஞ்சு வானியலாளர் அந்துவான் லபெய்ரி முன்வைத்தார்.

இன்று இம்முறையைப் பெரிதும் பயன்படுத்துபவை ஜெமினி தொலைநோக்கிகள். ஒன்று ஹவாய்த் தீவில் மௌனக்கேயா மலையிலும் மற்றொன்று சிலி நாட்டின் மலையுச்சியிலும் இருக்கின்றன. இரண்டின் ஆடியும் 8.1 மீட்டர். ஜெமினி என்றால் இரட்டையர்; நம் முன்னோர் மிதுனம் என்றது அதையே. அங்குள்ள இரண்டு ஒளிப்படக் கருவிகளுக்கும் ‘நரி’ என்று பெயர்: ஒன்றுக்கு ஹவாய் மொழியில், மற்றொன்றுக்கு ஸ்பானிய மொழியில். இரட்டை விண்மீனைத் தேட இரட்டைத் தொலைநோக்கி, அதற்குள் இரட்டை நரி. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தேடலில் கிடைத்தவை கோள்களின் பட்டியலையே திருத்தி எழுத வைத்தன. கெப்ளர் கை காட்டிய விண்மீன்களை ரோபோ ஏஓ பார்த்தபோது, ஏறத்தாழ ஏழில் ஒன்றுக்கு 4 விகலைக்குள் இன்னொரு விண்மீன் தென்பட்டது. அவற்றுள் சில உண்மையான துணைகள். சில வெறுமனே பின்னணியில் நிற்பவை. எதுவாக இருந்தாலும் ஒளியைக் கலக்கின்றன. கோளின் அளவைத் திருத்தத்தான் வேண்டும். டெஸ் காட்டிய நூற்றுக்கணக்கான விண்மீன்களை ஜெமினியின் நரிகள் பார்த்தபோது, அவற்றுள் 73 இரட்டை விண்மீன்கள் என்பது 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரிந்தது. அந்த ஆய்வில் இன்னொன்றும் புலப்பட்டது. தனி விண்மீன்களைச் சுற்றும் சிறிய கோள்கள் பல அகப்பட்டிருந்தன. இரட்டை விண்மீன்களிலோ பெரிய கோள்களே அகப்பட்டிருந்தன. அங்கே புவியளவுக் கோள்கள் இல்லை என்பதன்று இதன் பொருள். சூரியனைப் போன்ற விண்மீனில் புவி ஏற்படுத்தும் ஒளிக்குறைவு 0.0084 விழுக்காடுதான். சம ஒளியுள்ள துணை ஒன்று இருந்தால் அது பாதியாகி, அளவீட்டின் இயல்பான சலனத்தில் மூழ்கிவிடும். புவியைப் போன்ற உலகங்கள் அங்கே இருந்தும் நம் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

மறுபுறம், துணை விண்மீன் கோள்களுக்கு உண்மையிலேயே தீங்கு செய்வதும் உண்டு. கோள்கள் இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயுவும் தூசியும் கலந்த வட்டிலிருந்து உருவாகின்றன. அருகில் இன்னொரு விண்மீன் சுற்றினால் அதன் ஈர்ப்பு அவ்வட்டைக் கலைத்துவிடும். கெப்ளர் விண்மீன்களை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, துணை விண்மீன் ஏறத்தாழ 50 வானியல் அலகுக்குள் இருந்தால் கோள்கள் மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றன என்றது. புவிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரமே ஒரு வானியல் அலகு. குறைகின்றன என்றாலும் அற்றுப்போவதில்லை. காமா செஃபை என்ற விண்மீனின் துணை 20 வானியல் அலகுத் தொலைவில்தான் சுற்றுகிறது. ஆயினும் அங்கே வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று இருக்கிறது.

இறுதியாக ஒரு கண்டுபிடிப்பைச் சொல்ல வேண்டும். கெப்ளர் திரட்டிய ஒளி அளவுகளைப் பொதுமக்களும் பார்ப்பதற்காக வானியலாளர்கள் இணையத்தில் வெளியிட்டார்கள். கணினி நிரல் கவனிக்காததை மனிதக் கண் கவனிக்கக்கூடும் என்பது அவர்களின் நம்பிக்கை. தன்னார்வலர்கள் இருவர், ஒன்றையொன்று 20 நாளுக்கு ஒரு முறை சுற்றும் ஓர் இணையின் ஒளிவரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரு விண்மீன்களும் மாறிமாறி மறைப்பதால் அவ்வரைபடம் பள்ளமும் மேடுமாக இருந்தது. அந்தப் பெரிய பள்ளங்களுக்கு இடையே, சேராத இடத்தில், சின்னஞ்சிறு பள்ளங்கள் சில தெரிந்தன. இரண்டு சூரியன்களையும் சேர்த்துச் சுற்றிவரும் ஒரு கோளின் தடம் அது. ஒரு முறை சுற்ற அதற்கு 138 நாள்கள். 2012ஆம் ஆண்டில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பதற்கு முன் வானியலாளர்கள் வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். ஹவாயில் உள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றில், வளையும் ஆடியைப் பொருத்தி அப்புள்ளியை நோக்கினார்கள். ஒரு விகலைக்கும் குறைவான இடைவெளியில் இன்னொரு புள்ளி! அதுவும் ஒன்றன்று, ஓர் இணை. அந்த இரண்டாவது இணை ஏறத்தாழ ஆயிரம் வானியல் அலகுக்கு அப்பால் நின்று, முதல் இணையோடு சேர்ந்து பயணம் செய்கிறது. அவ்விரண்டின் ஒளியையும் கவனமாகக் கழித்த பிறகே கோளின் விட்டத்தைக் கணக்கிட்டார்கள். புவியைப் போல ஆறு மடங்கு. நெப்டியூனைவிடச் சற்றுப் பெரியது. அக்கோளின் வானில் இரண்டு சூரியன்கள் எழுந்து மறைகின்றன. அவை மறைந்த பின்னும், தொலைவில் இன்னும் இரண்டு சூரியன்கள் மிகப் பிரகாசமான விண்மீன்களாகத் தெரியும்.